சூழலியல் நகர கேமுக்குக் கருத்து எழுதுவது எப்படி: சின்ன ஸ்டுடியோவுக்கு உண்மையில் உதவும் விதத்தில்

நகரம் கட்டும் கேம்களில் சூழலியலை மையமாக வைத்தவை தனி ரகம். சாதாரண நகர கேமில் காசு தீர்ந்தால் உடனே தெரிந்துவிடும், சாலை அடைத்துக்கொண்டால் கண்ணெதிரே தெரியும். இங்கே அப்படியில்லை. இன்று ஆற்றோரத்து மரங்களை எல்லாம் வெட்டிவிட்டு நாற்று நட மறந்தால் அடி விழுவது வெகு நேரம் கழித்து, அதுவும் வேறு எங்கோ. அதனால் இந்த வகை கேமைப் பற்றி "ரொம்ப கஷ்டம்", "திடீரென்று எல்லாரும் செத்துப்போனார்கள்" என்று எழுதி அனுப்பினால் படிக்கிற டெவலப்பருக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. விளைவை மட்டும் எழுதாதீர்கள். அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள், செய்ததற்கும் நடந்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் ஓடியது, அந்த இடைவெளியில் திரையில் என்ன பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். டாக்டரிடம் வயிற்று வலி என்று மட்டும் சொல்லாமல் முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்வோமே, அதுபோல. நான் சொல்ல வருவதில் முக்கால்வாசி இதுதான்.

டிம்பர்பார்னை வைத்தே சொல்கிறேன், நிறைய பேர் விளையாடியிருப்பீர்கள். போலந்தைச் சேர்ந்த மெக்கானிஸ்ட்ரி என்ற சின்ன ஸ்டுடியோவின் கேம், 2021 செப்டம்பரில் ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் ஏர்லி ஆக்சஸாக, அதாவது முழுதாக முடியுமுன்னே விற்பனைக்கு வந்தது. மனிதர்கள் போய்விட்ட உலகத்தில் பீவர்கள் (ஆற்றில் மரத்தால் அணை கட்டும் விலங்குகள்) அணை கட்டி, பயிர் வைத்து, ஊர் அமைக்கின்றன. மழைக்காலம் மாதிரி நீர் ஓடும் நாட்கள், அப்புறம் வறட்சி, மறுபடி நீர். தண்ணீர் பக்கத்தில் இருந்தால் நிலம் பச்சையாக இருக்கும், அது வற்றினால் நிலம் காய்ந்து பயிரும் மரமும் பட்டுப்போகும். நிலம் உயரமாக இருந்தால் ஈரம் போய்ச் சேரும் தூரம் குறையும். பின்னால் வந்த ஒரு அப்டேட்டில் ஊற்றிலிருந்தே நச்சுநீர் வரும் பருவமும் சேர்ந்தது. இத்தனையும் ஒன்றோடொன்று பின்னியிருக்கும்போது "என் கேரட் ஏன் காய்ந்தது?" என்ற கேள்விக்குப் பதில் அணையில் இருக்கலாம், நிலத்தின் உயரத்தில் இருக்கலாம், போன வறட்சியில் நீங்கள் திறந்துவிட்ட மதகில்கூட இருக்கலாம்.

இதில் பலரும் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம் இருக்கிறது. கேமில் நாம் தேர்ந்தெடுக்கும் பீவர் கூட்டங்களில் ஒன்றான ஃபோக்டெயில்ஸ் பிரிவில் வீட்டில் இடம் இருந்தால்தான் குட்டி பிறக்கும். ஆரம்பத்தில் மரம் கொஞ்சம் சேர்ந்ததும் வீடுகளை வரிசையாகக் கட்டிவிடுவோம், குட்டிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறக்கும், ஊர் கலகலவென்று ஆகும். ஒரே சமயத்தில் பிறந்தவை ஏறக்குறைய ஒரே சமயத்தில் முதுமையடைந்து சாகும் என்பது அப்போது மனதில் இருக்காது. அந்த நாள் வரும்போது தண்ணீர் பம்ப்பில் ஆள் இல்லை, வயலில் ஆள் இல்லை, வறட்சியும் சேர்ந்துகொண்டால் ஊரே காலி. இதை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, "பீவர்கள் காரணமே இல்லாமல் கொத்துக் கொத்தாகச் சாகின்றன, சரி செய்யுங்கள்." இன்னொன்று கீழே இருப்பது போல (எண்கள் மாதிரிக்காக நான் வைத்தவை; மாட் என்றால் வெளியார் செய்து கேமில் சேர்க்கும் மாற்றம், சேவ் ஃபைல் என்றால் ஆட்டத்தின் அந்த நேர நிலையைச் சேமித்த ஃபைல்):

"ஃபோக்டெயில்ஸ், நார்மல் கடினம், மாட் எதுவும் இல்லை. 12-ஆம் நாள் ஆறு வீடுகளை ஒரே மூச்சில் கட்டினேன், 18 பேராக இருந்த ஊர் சில நாளில் 36 ஆனது. 62-ஆம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் 14 பேர் முதுமையால் இறந்தார்கள். அப்போது வறட்சி, பம்ப்புகளில் பாதிக்கு ஆள் இல்லை, மூன்றாம் நாளில் தொட்டி காலி. இறப்பு பற்றிய செய்திகளைப் பார்த்தேன், ஆனால் ஏதோ நோய் அல்லது பசி என்று நினைத்துக்கொண்டு உணவுக் கிடங்கைத்தான் சோதித்தேன். ஊரில் எத்தனை பேர் முதியவர்கள் என்று அதற்கு முன்னால் எங்கே பார்ப்பது என்று எனக்குப் புலப்படவில்லை. சேவ் ஃபைல் இணைத்திருக்கிறேன், 60-ஆம் நாளினுடையது."

இரண்டாவதில் கோபம் இல்லாததால் அது நல்லது என்று சொல்லவில்லை. கோபம் இருந்தாலும் பரவாயில்லை. அதில் டெவலப்பருக்குத் தேவையான ஒரு வரி இருக்கிறது: "உணவுக் கிடங்கைத்தான் சோதித்தேன்." விளையாடுபவர் தவறான காரணத்தைத் தேடிப் போயிருக்கிறார் என்பது அதிலிருந்து தெரிகிறது. நீங்கள் என்ன தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்பது அந்த ஸ்டுடியோவுக்குக் கிடைக்கும் மிக அரிய தகவல். கேமைச் செய்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பதால் அவர்களால் ஒருபோதும் அப்படித் தப்பாகப் புரிந்துகொள்ள முடியாது. அதனால் வெட்கப்படாமல் எழுதுங்கள். பின்னால் விக்கியைப் படித்து உண்மையைத் தெரிந்துகொண்டாலும், முதலில் நினைத்ததை அழித்துவிட்டுச் சரியான பதிலை மட்டும் எழுத வேண்டாம்.

அடுத்து, "கஷ்டம்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு குறைகள் ஒளிந்திருக்கும், எது உங்களுடையது என்று பிரித்துச் சொல்லுங்கள். வறட்சி வரப்போகிறது என்றே தெரியவில்லை என்பது ஒன்று. தெரிந்தது, ஆனால் அந்த நேரத்தில் கையில் இருந்த மரத்தையும் ஆட்களையும் வைத்து ஒன்றும் செய்ய வழியில்லை என்பது வேறு. வழி இருந்தது, செய்தும் முடித்தேன், ஆனால் ஒவ்வொரு வறட்சிக்கும் எல்லா மதகையும் ஒவ்வொன்றாகத் தேடிப் போய் அழுத்துவது அலுப்பாக இருக்கிறது என்பது முற்றிலும் வேறு. முதலாவதற்குத் திரையில் காட்டும் விதத்தை மாற்ற வேண்டும், இரண்டாவதற்குக் கேமுக்குள் இருக்கும் அளவு எண்களை, மூன்றாவதற்குக் கட்டுப்பாட்டு முறையை. மூன்றையும் "வறட்சி மோசம்" என்று எழுதினால், வறட்சியின் நாட்களைக் குறைத்துவிடுவார்கள், அதோடு கேமின் உயிரே போய்விடும். சூழலியல் கேமில் தோற்பது குறையே இல்லை. ஏன் தோற்றேன் என்று தெரியாமல் தோற்பதுதான் குறை.

தீர்வு சொல்லலாமா? தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் பிரச்சினைக்கு அப்புறம். "இன்னும் பெரிய தண்ணீர்த் தொட்டி வேண்டும்" என்று எழுதுகிறவருக்கு உண்மையில் வேண்டியது தொட்டியாக இல்லாமல் இருக்கலாம். கையிருப்பு எத்தனை நாளுக்கு வரும் என்று தெரியாததால் பயந்துபோய் தொட்டி தொட்டியாகக் கட்டிக்கொண்டிருக்கலாம். பிரச்சினையைச் சொன்னால் அவர்கள் நாம் நினைக்காத, இன்னும் குறைந்த செலவிலான ஒரு வழியைப் பிடிப்பார்கள். தீர்வை மட்டும் சொன்னால் அதைச் செய்யலாமா வேண்டாமா என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும்.

எந்த நோக்கத்தோடு கேம் செய்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனைச் சேர்ந்த ஃப்ரீ லைவ்ஸ் ஸ்டுடியோ உருவாக்கி 2023 மார்ச்சில் வெளிவந்த டெர்ரா நில், நகரம் கட்டுவதைத் தலைகீழாக்கிய கேம். பாழ்நிலத்தில் காற்றாலை வைத்து, மண்ணைச் சுத்தம் செய்து, நீர் பாய்ச்சி, சதுப்பு நிலமும் காடும் வளர்த்து, கடைசியில் நீங்கள் வைத்த கருவிகளை எல்லாம் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அதில் போய் மக்களைக் குடியேற்றி வரி வசூலிக்க வழி வேண்டும் என்று கேட்டால் அது வேறு கேம், அவர்கள் செய்ய நினைக்காத கேம். ஆனால் "சீக்கிரம் முடிந்துவிட்டது" என்பது நியாயமான கருத்து, அதை எழுதும்போது எந்த இடத்தில் இன்னும் இருக்க ஆசைப்பட்டீர்கள் என்று சொல்லுங்கள். விலங்குகள் திரும்பி வந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும் போல இருந்ததா, இல்லை இன்னும் சிக்கலான நிலப்பரப்பு வேண்டும் என்று இருந்ததா? இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு.

இனி பக் பற்றி, அதாவது கேமில் இருக்கும் கோளாறு பற்றி. இங்கே சேவ் ஃபைல் இல்லாத புகாரில் பெரும்பாலும் பயன் இல்லை, ஏனென்றால் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பது உங்கள் ஊரின் ஒவ்வொரு கட்டையையும் பொறுத்தது. ஏதோ விசித்திரமாக நடக்கிறது என்று தோன்றினவுடன் புதிய பெயரில் சேவ் செய்யுங்கள். முடிந்தால், அது நடப்பதற்கு முந்தின ஆட்டோசேவையும் எடுத்து வையுங்கள், பிரச்சினை பிறக்கும் தருணம் அதில்தான் இருக்கும். டிம்பர்பார்ன் என்றால் விண்டோஸில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் கேமின் பெயரில் ஒரு ஃபோல்டரும் அதற்குள் சேவ்ஸ் என்ற ஃபோல்டரும் இருக்கும், அதில் ஊரின் பெயரிலேயே ஃபோல்டரும் அதற்குள் ஃபைல்களும் கிடக்கும். கேம் மூடிக்கொண்டு போய்விட்டால் லாக் ஃபைலும் (கேம் ஓடும்போது நடந்ததை எழுதிவைக்கும் ஃபைல்) வேண்டும். யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்த கேம்கள் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல்லோ ஃபோல்டரில் பிளேயர் லாக் என்ற ஃபைலை எழுதும், அடுத்த முறை கேமைத் திறக்கும்போது பழையது "பிரெவ்" என்று பெயர் மாறும், அதற்கும் அடுத்த முறை அதுவும் போய்விடும். ஆகவே கேம் விழுந்ததும் மறுபடி மறுபடி திறந்து பார்க்காமல் முதலில் அந்த ஃபைலை நகல் எடுங்கள். லாக்கில் உங்கள் கணினியின் பயனர் பெயர் இருக்கும் என்பதால் பொதுவெளியில் போடும்முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.

மாட் போட்டிருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதே சேவில் திரும்ப நடக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள். அணைத்தால் சேவ் திறக்கவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். கேமின் பதிப்பு எண்ணை மறக்காதீர்கள், குறிப்பாக ஸ்டீமில் பீட்டா பகுதியில் போய் எக்ஸ்பெரிமென்டல் பதிப்பை எடுத்திருந்தால். சோதனைப் பதிப்பில் வரும் கருத்துக்குத்தான் மதிப்பு அதிகம், எண்கள் இன்னும் இறுகியிருக்காது.

நிறம் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இந்தக் கேம்களில் ஈர நிலம் பச்சை, காய்ந்த நிலம் பழுப்பு, பல நேரம் முழு எச்சரிக்கையே அந்த நிற மாற்றம்தான். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேருக்கு ஒருவருக்கு உண்டு, மற்ற இடங்களிலும் அரிதல்ல. உங்களுக்கு இருந்தால் கட்டாயம் எழுதுங்கள், எந்தத் திரையில் எந்த இரண்டு பொருட்கள் ஒன்றுபோலத் தெரிகின்றன என்று ஸ்கிரீன்ஷாட்டில் வட்டம் போட்டு அனுப்புங்கள். சாதாரண லேப்டாப்பில் விளையாடுகிறவர்களும் அப்படியே: "லேக் ஆகிறது" (கேம் திணறித் திணறி ஓடுகிறது) என்பதோடு நிறுத்தாமல் ஊரில் எத்தனை பேர் ஆனதும் ஆரம்பித்தது, வேகத்தைக் கூட்டும்போது மட்டுமா, நீர் பெருகி ஓடும்போது மட்டுமா என்று சொல்லுங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராது என்பதற்காகப் பலர் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள், அது வருத்தமான விஷயம். மெக்கானிஸ்ட்ரிக்காரர்கள் போலந்தில் இருப்பவர்கள், அவர்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. சின்னச் சின்ன வாக்கியம் போதும். கட்டடங்களின் பெயரை மட்டும் கேமில் இருக்கிற மாதிரியே எழுதுங்கள், மெஷின் மொழிபெயர்ப்பில் போட்டால் முதலில் கெட்டுப்போவது அந்தப் பெயர்கள்தான்.

எங்கே எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். ஸ்டீம் ரிவ்யூ வாங்கப்போகிறவருக்கானது, டெவலப்பருக்கு எழுதும் கடிதம் அல்ல. ஒரு பக்குக்காக அங்கே சிவப்புக் கட்டைவிரலைப் போட்டு "சரி செய்தால் மாற்றுகிறேன்" என்று வைத்திருப்பது சின்ன ஸ்டுடியோவுக்குப் பெரிய அடி, பதிலுக்கு அவர்களுக்குச் சேவ் ஃபைலும் கிடைக்காது. பக் என்றால் புகார் படிவமோ விவாதப் பகுதியோதான் இடம். யோசனைகளுக்கு ஓட்டுப் போடும் பக்கம் வைத்திருந்தால் முதலில் தேடிப் பாருங்கள், ஏற்கெனவே இருக்கிற யோசனைக்கு ஓட்டும் உங்கள் அனுபவமும் சேர்ந்தால் பத்துப் புதிய பதிவுகளை விடப் பலம். ரிவ்யூ எழுதுவதானால், ஸ்டீமில் இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடி 14 நாளுக்குள் கேட்டால்தான் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை மனதில் வையுங்கள். இந்த வகை கேமில் முதல் இரண்டு மணி நேரத்தில் விதைத்ததன் பலன் அதற்கு அப்புறம்தான் தெரிகிறது. அதனால் முதல் பெரிய வறட்சிக்கு அப்புறம் கேம் எப்படி மாறியது என்று நீங்கள் எழுதினால் அது வாங்குகிறவருக்கு நிஜமான உதவி.

பிடித்ததையும் எழுதுங்கள், பாராட்டுக்காக அல்ல, அவர்கள் தெரியாமல் அதைக் கெடுத்துவிடாமல் இருக்க. வறட்சி முடிந்ததும் வெடித்துக் கிடந்த ஆற்றுப்படுகையில் தண்ணீர் மெல்ல ஊர்ந்து வருவதையும், அது தொட்டுப்போகிற வழியெல்லாம் இரு கரையும் பச்சையாவதையும் வேகத்தைக் குறைத்துவைத்துப் பார்த்திருப்பீர்கள். அதை யாரும் எழுதவில்லை என்றால் ஒருநாள் கணினிக்குப் பாரம் என்று அந்த ஓட்டத்தைச் சுருக்கிவிடலாம். "அழகாக இருக்கிறது" என்று எழுதாமல் எந்த நொடி, எந்தக் கோணம், எதற்காகக் கேமை நிறுத்திப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

அனுப்பியதோடு வேலை முடியவில்லை. அடுத்த அப்டேட் வந்ததும் நீங்கள் வைத்திருக்கும் அதே சேவ் ஃபைலைத் திறந்து, அதே வேலையைச் செய்து பார்த்து, உங்கள் பழைய பதிவிலேயே பதிப்பு எண்ணோடு "சரியாகிவிட்டது" அல்லது "இன்னும் வருகிறது, ஆனால் இப்போது இரண்டு நாள் தாமதமாக" என்று ஒரு வரி போடுங்கள். புதுப் பதிவு தொடங்க வேண்டாம், பழைய சேவ் ஃபைலையும் அதுவரை அழிக்க வேண்டாம்.