பிர்ச் ஒடுக்கம்: விரல் வைத்து விடை வரைவது

நீர்ம அம்மோனியாவில் கரைத்த சோடியமும் ஆல்கஹாலும் கொண்டு பென்சீன் வளையத்தில் இரண்டு ஹைட்ரஜன்களை மட்டும் சேர்ப்பதுதான் பிர்ச் ஒடுக்கம். அதைக் கேள்வியாகக் கொடுத்தால், என் மாணவர்களில் பாதிப் பேர் இரட்டைப் பிணைப்பே மிஞ்சாத சைக்ளோஹெக்சேன் வரைந்து நீட்டுகிறார்கள். அது நிக்கலும் ஹைட்ரஜனும் செய்கிற வேலை. அங்கே வளையத்தின் அரோமேட்டிக் தன்மையை, அதாவது எலக்ட்ரான்கள் வளையம் முழுக்கப் பரவியிருப்பதால் வரும் உறுதியை, குலைப்பதுதான் பாடு. அது குலைந்துவிட்டால் மிச்ச இரட்டைப் பிணைப்புகள் மளமளவென்று நிரம்பிவிடும். நடுவில் நிறுத்த முடியாது. ஆர்தர் பிர்ச் 1944-இல் ஆக்ஸ்போர்டில் இருந்தபோது வெளியிட்ட முறை டையீனோடு (இரண்டு இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம்) நின்றுவிடும். அதனால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு.

நீர்ம அம்மோனியாவில் (கொதிநிலை மைனஸ் 33 டிகிரி) சோடியத் துண்டு விழுந்ததும் மை சிந்தியது போல நீலம் இழை இழையாக இறங்கும். எம்.எஸ்சி. படிக்கும்போது முதல்முறை பார்த்து வாயைப் பிளந்து நின்றேன். அந்த நீலம் அம்மோனியாவில் கரைந்த எலக்ட்ரான்தான். ஒருமுறை நீலம் சீக்கிரமே வெளுத்துப்போனது. எங்கிருந்தோ துரு விழுந்திருக்கிறது. இரும்பு துளி இருந்தாலும் சோடியம் அம்மோனியாவோடு வினைபுரிந்து சோடமைடாகிவிடும்; வளையத்துக்கு எலக்ட்ரான் மிஞ்சாது.

சரி, விடைக்கு வருவோம். எலக்ட்ரான், ஆல்கஹாலிலிருந்து புரோட்டான், மறுபடி எலக்ட்ரான், மறுபடி புரோட்டான்: இதுதான் வரிசை. புதிய ஹைட்ரஜன்கள் இரண்டும் எதிரெதிர் கார்பன்களில் உட்காரும். ஆகவே கிடைப்பது 1,4-டையீன். இரட்டைப் பிணைப்புகளை அடுத்தடுத்துப் போட்டால் மதிப்பெண் போச்சு.

எந்த எதிரெதிர் ஜோடி? தொகுதி ஒட்டியிருக்கும் கார்பன்மேல் விரலை வையுங்கள். அது முதல் எண். எலக்ட்ரானை இழுக்கும் தொகுதி என்றால் எதிர்மின்சுமை அங்கே வசதியாகத் தங்கும். பென்சாயிக் அமிலத்தில் (வளையத்தில் COOH) ஹைட்ரஜன் 1-லும் 4-லும் சேரும். மெத்தாக்சி, மெத்தில் போல எலக்ட்ரான் தரும் தொகுதி என்றால் சுமை அந்த இடத்தைத் தவிர்த்துவிடும். அனிசோலில் (வளையத்தில் மெத்தாக்சி) ஹைட்ரஜன் சேருவது 2, 5. விரலுக்கு அடியிலுள்ள கார்பன் இரட்டைப் பிணைப்பிலேயே இருக்கும்.

பக்கச் சங்கிலியில் வளையத்தை ஒட்டாமல் தள்ளி இருக்கும் சாதாரண இரட்டைப் பிணைப்பைத் தொடாதீர்கள். ஸ்டைரீனில் உள்ளது போல வளையத்தோடு ஒட்டியிருந்தால் முதலில் அதுதான் ஒடுங்கும்.

அப்புறம், அம்புக்குறிக்கு அடியில் பொடி எழுத்தில் 'அமிலம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அனிசோலிலிருந்து வந்த டையீன் ஓர் ஈனால் ஈதர், அதாவது இரட்டைப் பிணைப்புக் கார்பனில் மெத்தாக்சி ஒட்டியது. மென்மையான அமிலத்தில் அது கீட்டோனாகும், மிச்ச இரட்டைப் பிணைப்பு தள்ளியே இருக்கும். அமிலம் வலுவானால் அதுவும் நகர்ந்து சைக்ளோஹெக்ஸ்-2-ஈனோன் கிடைக்கும். கருத்தடை மாத்திரையில் சேரும் நாரெத்திஸ்டெரோனை 1951-இல் மெக்சிகோவின் சின்டெக்ஸ் ஆய்வகத்தில் செய்தபோதும் ஈஸ்ட்ரோன் என்ற ஹார்மோனின் மெத்தில் ஈதரில் இதே இரண்டு படிகள்தான், பிர்ச் ஒடுக்கமும் பிறகு அமிலமும், பயன்பட்டன.