கையிருப்புக்குள் அழகான கல்யாணம்: எதில் வெட்டலாம், எதில் கூடாது

செலவைக் குறைக்க உட்காரும் வீடுகளில் முதலில் அடிபடுவது அழைப்பிதழும் பூவும்தான். அங்கே மிச்சமாவதெல்லாம் சில்லறை. மொத்தத் தொகையை ஆட்டிவைப்பது தலைக்கணக்கு. சாப்பாடு, நாற்காலி, மண்டபத்தின் அளவு, வண்டி நிறுத்த இடம் என எல்லாமே அதற்குப் பின்னால் வருபவை. ஆகவே மண்டபம் பார்க்கக் கிளம்பும் முன்பே பெயர்ப் பட்டியல் முடிந்திருக்க வேண்டும்.

இரண்டு வீட்டாரும் தனித்தனியாக மூன்று பத்திகளில் எழுதுங்கள்: வந்தே ஆக வேண்டியவர்கள், வந்தால் சந்தோஷம், மரியாதைக்குச் சொல்ல வேண்டியவர்கள். மூன்றாவது பத்திக்குத் தகவல் மட்டும் போதும். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பெயரை எண்ணாதீர்கள், ஆளை எண்ணுங்கள். 100 பெயர் என்று நினைத்த பட்டியல் குடும்பத்தோடு எண்ணும்போது 300-ஐத் தொட்டுவிடும். அழைப்பிதழோ வீட்டுக்கு ஒன்று. 100 வீடு என்றால் 115 அடியுங்கள். பிறகு 15 மட்டும் கேட்டால் அச்சு ஏற்றும் கூலி மறுபடியும் முழுசாக விழும்.

கையில் இருப்பதை 100 பங்காக வைத்துக்கொண்டால் சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் 50, உடைக்கு 12, ஃபோட்டோவுக்கு 12, அலங்காரத்துக்கு 10, அச்சு, வண்டி, சில்லறைக்கு 6 என்று பிரிக்கலாம். மீதி 10 பங்கைத் தனிக் கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள். கடைசி வாரத்தில் 'இது ஒண்ணுதானே' என்று வரும் செலவுகள் அதைத் தேடி வரும்.

மண்டபத்தில் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். மின்சாரம் தனியா, ஜெனரேட்டருக்கு எரிபொருள் யார் போடுவது, துப்புரவுக்கு எவ்வளவு, நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு, வெளியாள் சமைத்தால் கட்டணம் உண்டா? இந்த ஐந்துக்கும் பதில் வந்த பிறகுதான் இரண்டு மண்டபங்களை ஒப்பிட முடியும். வாரநாளையோ சீசன் இல்லாத மாதத்தையோ ஏற்றுக்கொண்டால் பேரம் பேசும் இடம் உங்களுக்கு வரும்.

சாப்பாட்டில் தரத்தைக் குறைக்காதீர்கள், ஐட்டத்தைக் குறையுங்கள். இருபது வகை வைத்தாலும் வயிறு ஒன்றுதான். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து மிச்சம் வைப்பார்கள். நன்றாகச் செய்த எட்டு வகை போதும். கேட்டரிங்காரரிடம் உறுதி எண்ணிக்கையைக் கொஞ்சம் கீழே சொல்லி, அதற்கு மேல் போகும் ஒவ்வொரு தட்டுக்கும் என்ன விலை என்பதையும் எழுதி வாங்குங்கள். மேலே சொல்லிவிட்டால் வராதவருக்கும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

அலங்காரத்தில் கண் தங்குவது இரண்டே இடங்களில்: வாசல், மேடையின் பின்புறம். ஃபோட்டோவில் நிற்பதும் அவைதான். கூடம் முழுக்கத் தூவினால் எங்குமே நிறைவாகத் தெரியாது. 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரத்தில் ஒரு துணித்திரை வேண்டுமென்றால், மடிப்பு விழ அகலம் இரட்டிப்பாக வேண்டும், அதாவது 6 மீட்டர். 1.5 மீட்டர் அகலத் துணியில் நான்கு துண்டு, ஒவ்வொன்றும் மேல்கீழ் மடிப்போடு 2.75 மீட்டர், ஆக 11 மீட்டர். மடிப்புக்குக் கஞ்சத்தனம் பார்த்தால் திரை ஜன்னலில் கட்டிய போர்வை மாதிரி இருக்கும். பளபளப்புத் துணி ஃபிளாஷில் வெள்ளைத் திட்டாக விழும். மங்கலான துணியே நல்லது. கம்பத்தின் அடியில் மணல் மூட்டை வைக்க மறக்காதீர்கள், குழந்தைகள் ஓடுவார்கள்.

அந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் பூவை எடுத்து, பாதி இடத்தை இலைகளால் நிரப்புங்கள். தண்டுப் பூவை முந்தைய நாளே சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரவு முழுக்கக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பழக்கூடை இருக்கும் அறை வேண்டாம். பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட்டிவிடும்.

மேடை விளக்கு எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கட்டும். 3000 கெல்வின் (பல்பு அட்டையில் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் வெளிச்சத்தோடு 6500 கெல்வின் வெள்ளைக் குழல்விளக்கைக் கலந்தால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் நீலமாகவும் பதியும். பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்வதும் லேசில்லை. செலவே இல்லாத திருத்தம் இது: குழல்விளக்கின் சுவிட்சை அணைத்தால் போதும்.

ஃபோட்டோகிராஃபரை நாள் கணக்கில் பேசாமல் மணிக் கணக்கில் பேசுங்கள். குரூப் ஃபோட்டோ ஒவ்வொன்றும் ஆளைக் கூப்பிட்டு நிறுத்தி எடுக்க மூன்று நிமிடம் தின்னும். 20 குரூப் என்றால் ஒரு மணி நேரம் போச்சு. யார் யார் எந்த வரிசையில் என்று எழுதி, எல்லா முகமும் தெரிந்த உறவுக்காரர் ஒருவரிடம் கொடுங்கள்.

உடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: அளவு கச்சிதமாகத் திருத்தினால் சாதாரண உடையும் எடுப்பாக இருக்கும். புதுச் செருப்பை ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பழகுங்கள்.

யாருக்கு அட்வான்ஸ் கொடுத்தாலும் தேதி, வந்து சேரும் நேரம், என்னென்ன அடங்கும், பாக்கி எவ்வளவு, ரத்தானால் என்ன என்பதை ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கல்யாண நாளன்று பாக்கித் தொகைகளைப் பெயர் எழுதிய தனித்தனிக் கவர்களில் போட்டு, மணமக்கள் அல்லாத ஒருவரிடம் ஒப்படையுங்கள். வேலை முடிந்ததும் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கவரைக் கொடுப்பது அவர் பொறுப்பு.