ஆக்‌ஷன் படம் எடுக்கும் தம்பிமாருக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் ஆக்‌ஷன் குறும்படம் எடுக்கிற இளைஞர்கள் கூடிவிட்டார்கள். என்னிடம் எடிட்டிங்குக்கு வரும் படங்களில் நாங்கள் அந்தக் காலத்தில் விட்ட பிழைகளே திரும்ப வருகின்றன. ஃபோக்கஸ் போவது, மைக் தெரிவது எல்லாம் நீங்களே திருத்திக்கொள்வீர்கள். அதை விடுவோம்.

யார் எங்கே என்று தெரியாத துரத்தல்

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. அண்மையில் வந்த ஒரு படத்தில், நாயகன் மட்டக்களப்பு வாவிக்கு மேலே போகும் கல்லடிப் புதுப் பாலத்தில் இடமிருந்து வலமாக ஓடுகிறான். அடுத்த ஷொட்டில் துரத்துகிறவனின் பைக் வலமிருந்து இடமாக வருகிறது. பக்கத்திலுள்ள பழைய இரும்புப் பாலம் பின்னால் விழட்டும் என்று கெமராவைப் பாதையின் மற்றப் பக்கத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பார்ப்பவனுக்கோ இரண்டு பேரும் நேருக்கு நேர் வருவதுபோல் தெரிகிறது. நெஞ்சு அடிக்கவேண்டிய இடத்தில் குழப்பம்.

ஓடுகிறவனையும் துரத்துகிறவனையும் இணைத்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கெமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில், 180 பாகைக்குள் நிற்கட்டும். தாண்டத்தான் வேண்டும் என்றால் கெமரா நகர்ந்து தாண்டுவதைக் காட்டுங்கள், அல்லது நேர் முன்னாலிருந்து எடுத்த ஷொட் ஒன்றை நடுவில் வையுங்கள்.

இடைவெளியும் முக்கியம். இருவரும் ஒரே ஃபிரேமில் வரும் ஷொட் இல்லாமல் யார் எவ்வளவு நெருங்கிவிட்டான் என்று எப்படித் தெரியும்? ஓடுகிறவனை பைக் ஏன் இன்னும் பிடிக்கவில்லை என்பதற்கும் காரணம் வேண்டும். ஒரு பஸ்ஸோ மீன் லொறியோ குறுக்கே வரட்டும். ஷொட்களை வேகமாக வெட்டும்போது முக்கியமான ஆளை ஃபிரேமின் நடுவிலேயே வையுங்கள், கண் தேடி அலையாது. 2015இல் வந்த ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ படத்தில் ஜோர்ஜ் மில்லர் இப்படித்தான் செய்தார்.

அப்புறம் ஊர். பாலத்தில் ஓடியவன் அடுத்த ஷொட்டில் கோட்டை வாசலில், அதற்கடுத்து நாவலடிக் கடற்கரையில். கோட்டை புளியந்தீவில் இருக்கிறது, நாவலடி வாவிக்கு மற்றப் பக்கம். வெளியூரான் கவனிக்கமாட்டான் என்கிறார்கள். முதலில் பார்க்கப்போவது நம் ஊர்ச் சனம் அல்லவா?

இதைத் திருத்தச் செலவு அதிகம். மார்கழி மழையில் வாவி முட்ட நிறைந்திருந்தபோது எடுத்த துரத்தல் அது. திரும்ப எடுக்கப் போனால் வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டதில் நீர் வடிந்திருந்தது, நாயகன் முடியும் வெட்டியிருந்தான். காட்சி முழுவதையும் முதலிலிருந்து எடுக்கவேண்டியதாயிற்று. கெமரா வாடகை, சாப்பாடு எல்லாம் இரண்டாம் தடவை. படப்பிடிப்புக்கு முதல் நாள் ஒரு தாளில் பாதையை வரைந்து அம்புக்குறி போட்டிருந்தால் இவ்வளவும் மிச்சம்.

துவக்குச் சத்தம்

இணையத்தில் இறக்கிய ஒரே வெடியை எல்லாத் துவக்குக்கும் போடாதீர்கள். தூரத்தில் சுட்டால் வெளிச்சம் முந்தும், சத்தம் பிந்தும்: 340 மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு செக்கன். போர்க்காலத்தைக் கண்ட நம் ஆட்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். அவர்கள் முன்னால் ஒருவன் சுடப்பட்டு விழுந்தால், அவனுக்காக அழ ஒரு ஆளாவது படத்தில் இருக்கவேண்டும்.

அடி வாங்கியவன்

முழங்காலில் கம்பியடி பட்டவன் அடுத்த காட்சியில் மதில் பாயக்கூடாது.

ஸ்லோ மோஷன்

படத்துக்கு ஒன்று.

ஆளில்லாத தெரு

காத்தான்குடிப் பிரதான வீதியில், பேரீச்சை மரங்களுக்குப் பக்கத்தில், பின்னேரம் இரண்டு பேர் சண்டை பிடித்தால் கூட்டம் கூடும், ஃபோன்கள் எழும்பும், ஒருவராவது விலக்க வருவார். அந்தக் கூட்டத்தைச் சேர்க்க முடியாவிட்டால் காட்சியைச் சுபஹு என்ற அதிகாலைத் தொழுகைக்கு முந்திய நேரத்துக்கு மாற்றி எழுதுங்கள்.

கடைசிச் சண்டை

நாயகன் எதனால் வெல்கிறானோ அது முன்னமே கண்ணில் பட்டிருக்கவேண்டும். மீனவர் வீட்டுப் பெடியன் முடிவில் வீச்சுவலை எறிந்து வில்லனை மடக்குகிறான் என்றால், தொடக்கத்திலேயே அவன் வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுவதைக் காட்டிவிடுங்கள். அங்கே அதைத் திறமை என்று யாரும் புகழ வேண்டாம். பிடித்த மீனை அம்மா கையில் கொடுத்துவிட்டு அவன் போகட்டும்.