சில நாள் கிளம்பும், சில நாள் கிளம்பாது: காரின் செல்ஃப் கோளாறைப் படிப்படியாகக் கண்டறியும் முறை

சென்னையில், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், தண்டையார்பேட்டைத் தெருவொன்றின் ஓரத்தில்தான் என் பழைய பெட்ரோல் கார் பல ஆண்டுகளாக நிற்கிறது. ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பியபோது ‘டக்’ என்ற ஒற்றை ஒலியுடன் அது அடங்கிவிட்டது. பத்து நிமிடம் கழித்துத் திருப்பியபோதோ எதுவுமே நடக்காததுபோல் கிளம்பியது. பட்டறையில் காட்டியதும் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதே ‘டக்’. கோளாறு பேட்டரியில் இல்லை, எஞ்சினைப் பேட்டரியின் நெகட்டிவோடு இணைக்கும் ஒரு சாண் நீளமுள்ள எர்த் பட்டையில் இருந்தது என்பது பிறகு வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டரை வாங்கி நானே அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. எதை முதலில், எதைப் பிறகு சோதிப்பது என்ற வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

விட்டுவிட்டு வரும் கோளாறில் உள்ள சிக்கல், அது மெக்கானிக்கின் கண்முன் வருவதில்லை என்பதே. ஆகவே கார் மறுக்கும் அந்த நிமிடத்தில் பதற்றத்துடன் சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பாமல், என்ன ஒலி கேட்டது, முகப்பு விளக்கு மங்கியதா, எஞ்சின் சூடாக இருந்ததா, டாஷ்போர்டில் சாவிக் குறி விளக்கு மினுக்கியதா என்று நான்கையும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒலியைக் கேட்டுப் பிரித்தல்

முகப்பு விளக்கைப் போட்டுவிட்டு, எதிர்ச்சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தபடி சாவியைத் திருப்புங்கள். ‘டகடகடக’ என்று வேகமாக அடித்து விளக்கும் மங்கினால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது டெர்மினல் (பேட்டரியின் இணைப்பு முனை) சரியாகப் பிடிக்கவில்லை. ஒற்றை ‘டக்’ மட்டும் கேட்டு விளக்கு அப்படியே எரிந்தால், எர்த் பட்டையையோ, எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரையோ சந்தேகிக்க வேண்டும். எந்த ஒலியும் இல்லையெனில் செல்ஃபுக்குக் கட்டளையே போகவில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் எடுக்கவில்லையென்றால் நேரே கடைசிப் படிக்குப் போய்விடலாம்.

படி 2: பேட்டரியும் டெர்மினலும்

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில் அளவெடுங்கள். ஏறத்தாழ 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போயிருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்றவற்றைச் சோதிக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை காட்டும். அது 13-ஐ ஒட்டியே நின்றால், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். தினமும் பக்கத்திலுள்ள ராயபுரம் வரை மட்டும் போய்வருபவர்களுக்கும், எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் ஏசியையும் விளக்கையும் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகிறவர்களுக்கும், செல்ஃப் அடிக்கச் செலவான சார்ஜ் முழுதாகத் திரும்ப ஏறுவதற்கே நேரம் கிடைப்பதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கடற்கரையோர வண்டிகளில் டெர்மினல் பூப்பது சாதாரணம். வெள்ளையும் பச்சையுமாகப் பொடி படிந்திருந்தால், 10 எண் ஸ்பேனரால் முதலில் நெகட்டிவையும் பிறகு பாசிட்டிவையும் கழற்றுங்கள். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியக்கூடும் என்பதால் அது வேடிக்கையல்ல. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து, பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் போகாதபடி துணியால் துடைத்து, உலர்ந்தபின் உப்புத்தாளால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பாசிட்டிவை முதலிலும் நெகட்டிவைக் கடைசியிலும் பூட்டி, மேலே வாசலைன் தடவுங்கள். கையால் அசைத்தால், முனையைக் கவ்வும் கிளாம்ப் துளியும் நகரக் கூடாது.

படி 3: எர்த் பட்டை

பலரும் பார்க்காமல் விடுவது இதைத்தான். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். அத்தனையும் எஞ்சினிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி இந்தப் பட்டைதான். அதில் 0.01 ஓம் தடை ஏறினாலே 150 ஆம்பியரில் 1.5 வோல்ட் வீணாகிவிடும். அதே தடை பத்து ஆம்பியர் இழுக்கும் முகப்பு விளக்குக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதால், ‘விளக்கு நன்றாக எரிகிறது, ஆகவே ஒயரிங் சரி’ என்று முடிவு கட்டுவது தவறு.

சோதிக்கும் முன் ஃபியூயல் பம்ப்பின் ஃப்யூஸைக் கழற்றிவிட்டால் எஞ்சின் கிளம்பாது, நிதானமாக அளக்கலாம். கியர் நியூட்ரலிலும் ஹேண்ட்பிரேக் போட்டும் இருக்கட்டும். ஃபேனுக்கு அருகே துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் தொங்க வேண்டாம். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே, கிளாம்பில் அல்லாமல், வையுங்கள். சிவப்பு முனையை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத உலோகத்தில் அழுத்திப் பிடியுங்கள். இன்னொருவர் சாவியைத் திருப்பி ஐந்து விநாடிக்கு மிகாமல் செல்ஃப் அடிக்கட்டும். அப்போது 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் கோளாறு கைக்கு அகப்பட்டுவிட்டது.

என் காரில் 0.9 காட்டியது. பட்டையின் ஒரு முனை கியர்பாக்ஸின்மேல் ஒரு போல்ட்டில் இருந்தது. வெளியே பார்த்தால் சற்றே கறுத்திருந்தது, அவ்வளவுதான். கழற்றித் திருப்பியபோது பட்டை முனையின் உலோக வளையமான லக்குக்கு அடியில் உப்பும் துருவும் அப்பளம்போல் ஏடேடாக உதிர்ந்தன. பின்னலின் செம்பு இழைகளில் பாதி பச்சையேறி அறுந்திருந்தது. எஞ்சின் ஆடும் ஆட்டத்தில் மிச்ச இழைகள் தொட்டால் கார் கிளம்பும், விலகினால் ‘டக்’. புதுப் பட்டை போட்டு, போல்ட் உட்காரும் இடத்தையும் தேய்த்த பிறகு அளவு 0.08-க்கு இறங்கியது. பேட்டரிக்குக் கொடுத்த பணத்தை இன்றும் அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன்.

பாசிட்டிவ் பக்கத்தையும் இதேபோல், பேட்டரிக் குமிழுக்கும் செல்ஃபின் பெரிய நட்டுக்கும் இடையே அளக்கலாம், அங்கே 0.5 வரை பொறுக்கலாம்.

படி 4: கட்டளை போகிறதா

ஒலியே இல்லாத கார்களில் கிளட்சை அடிவரை மிதித்துப் பாருங்கள். மிதியடி மடங்கிப் பெடலுக்கு அடியில் சிக்கியிருந்தால் கிளட்ச் சுவிட்ச் வேலை செய்யாது. ஆட்டோமேட்டிக்கில் ‘பி’யில் (பார்க்) மறுப்பது ‘என்’னில் (நியூட்ரல்) கிளம்பினால் கியர் சுவிட்சில் கோளாறு. ஃப்யூஸ் பாக்ஸில் ஸ்டார்ட்டர் ரிலேயும் (செல்ஃபுக்கு மின்சாரம் அனுப்பும் சுவிட்ச்) ஹாரன் ரிலேயும் ஒரே எண்ணுடையவையாக இருந்தால் இடம் மாற்றிச் சோதிக்கலாம். எர்த் சரியாக இருந்தும் ஒற்றை ‘டக்’ மட்டும் வந்து, செல்ஃபை மரக்கட்டையால் மெல்லத் தட்டியதும் கிளம்பினால், உள்ளே கார்பன் பிரஷ்ஷோ செம்புத் தொடர்போ தேய்ந்திருக்கிறது. தட்டுவது வீடு வந்துசேர மட்டுமே உதவும்.

படி 5: சுற்றுகிறது, ஆனால் எடுக்கவில்லை

கழற்றிய ஃப்யூஸை மாட்டிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். எனக்கு அப்படி ஒருமுறை கால்மணி நேரம் போயிற்று. பிறகு ஜன்னல்களை ஏற்றி, சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பினால், பல பெட்ரோல் கார்களில் பின்சீட்டுக்கு அடியிலிருந்து பம்ப் இரண்டு விநாடி முனகுவது கேட்கும். மறுக்கும் நேரத்தில் மட்டும் அது கேட்கவில்லையென்றால் பம்ப், அதன் ரிலே இரண்டையும் பார்க்க வேண்டும். சாவிக் குறி விளக்கு மினுக்கினால், திருட்டுத் தடுப்புக் கருவியான இம்மொபிலைசர் அந்தச் சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியை முயலுங்கள். வெயிலில் ஓடிச் சூடான எஞ்சின் மட்டும் மறுத்து, அரை மணி ஆறியதும் எடுத்தால், எஞ்சினின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சார்மீது சந்தேகம் வலுக்கும்.

மழைக்காலத்தில் வியாசர்பாடிச் சுரங்கப்பாதை போன்ற இடத்தில் தண்ணீருக்குள் நின்றுபோன காருக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் ஒரே முறை செல்ஃப் அடித்தாலும் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். சாவியைத் தொடாமல், தள்ளியோ கட்டி இழுத்தோ மேட்டுக்குக் கொண்டுபோய் மெக்கானிக்கை வரவழையுங்கள்.