ஓலாவ்: ஒரு நார்வேப் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி?

ஸ்காண்டிநேவியப் பழம்பெயர்கள் பலவும் இரண்டு சொற்கள் ஒட்டியவை. ஒரு பெயரைப் பிரித்துப் பழகிவிட்டால் மற்றவை பிடிபட்டுவிடும். எனக்கு மிகவும் பிடித்த ஓலாவ் என்ற ஆண் பெயரையே எடுத்துக்கொள்வோம்.

படி 1: பிரியுங்கள்

பழைய நார்ஸ் மொழியில் இது 'ஓலாஃப்ர்'. கடைசி 'ர்' வெறும் வேற்றுமை விகுதிதான், கழற்றிவிடலாம். அதற்கும் முந்தைய வடிவம் 'அனுலைபஸ்'. முதல் பாதியான 'அனு'வுக்கு மூதாதை என்று பொருள், பின்பாதியான 'லைபஸ்' என்பதற்கு எஞ்சியிருப்பவர், வாரிசு. ஆக, முன்னோரின் வாரிசு. லெய்ஃப் என்ற பெயரிலும் இதே பின்பாதிதான் இருக்கிறது.

படி 2: நாட்டைப் பாருங்கள்

டென்மார்க்கில் ஓலுஃப், ஸ்வீடனில் ஓலோஃப் (பிரதமர் ஓலோஃப் பால்மே நினைவிருக்கலாம்), ஐஸ்லாந்தில் ஓலாஃபுர், பின்லாந்தில் ஓலாவி. நார்வேக்காரர் வாயில் அது 'ஊலாவ்' என்றே ஒலிக்கும்.

படி 3: மகன் பெயரா, குடும்பப் பெயரா?

ஓல்சன் என்றால் ஓலேயின் மகன். ஓலே என்பது ஓலாவின் சுருக்கம். ஆனால் இன்று நார்வேயில் அது குடும்பப் பெயர், பெண்களுக்கும் உண்டு. ஐஸ்லாந்தில் அப்படியில்லை. ஒரு பெண்ணின் பெயரில் ஓலாஃப்ஸ்டோட்டிர் (ஓலாஃபுரின் மகள்) என்றிருந்தால் அவருடைய அப்பா நிஜமாகவே ஓலாஃபுர். அவரை அழைக்கும்போது முதல் பெயரையே சொல்லுங்கள்.

படி 4: யார் வைத்துக்கொண்டார்கள்?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மன்னர் ஓலாவ் ஹாரால்ட்சன் 1030-இல் ஸ்டிக்லெஸ்டாட் போரில் இறந்தார். பிறகு புனிதராகப் போற்றப்பட்டார். 'நார்வேயின் நிரந்தர அரசர்' என்றே அவரைச் சொன்னார்கள். 1905-இல் ஸ்வீடனிடமிருந்து நார்வே பிரிந்தபோது, டென்மார்க் இளவரசர் கார்ல் அரசராகி ஹோகுன் என்று பெயர் மாற்றிக்கொண்டார். அவருடைய மகன் அலெக்ஸாண்டருக்கு அப்போது 2 வயது. அந்தக் குழந்தைக்கு ஓலாவ் என்று பெயர் வைத்தார்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை நார்வேயின் பழைய அரசர் வரிசையோடு சேர்க்க, முன்னோரின் வாரிசு என்ற பொருளுள்ள பெயர்! இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவர் 1957 முதல் 1991 வரை ஐந்தாம் ஓலாவாக ஆண்டார். 1973 எண்ணெய் நெருக்கடியில் கார் ஓட்டத் தடை இருந்த நாளில், பனிச்சறுக்குப் பலகையோடு ரயிலேறி டிக்கெட்டுக்குப் பணம் நீட்டினார்.

படி 5: நாட்காட்டியைப் புரட்டுங்கள்

ஸ்டிக்லெஸ்டாட்டில் ஓலாவ் இறந்த ஜூலை 29 நார்வேயில் 'ஓல்சோக்' என்ற அவருடைய நினைவு நாள். ஃபாரோ தீவுகளிலும் அதையொட்டித்தான் தேசியத் திருவிழா.