பாஸ்கெட்பாலில் ஃபவுல் ஆனதுபோல் நடிப்பவரைப் பிடிப்பது எப்படி? புதிதாக விசில் எடுக்கும் ரெஃப்ரிகளுக்கு

லே-அப்புக்கு, அதாவது ஓடிவந்து கூடைக்குப் பக்கத்தில் பந்தைப் போட, ஒரு பையன் வேகமாக உள்ளே வந்தான், எதிரே நின்றவன் 'ஆ'வென்று கத்திக்கொண்டே மல்லாக்க விழுந்தான், நான் உடனே விசில் அடித்து சார்ஜிங் (பந்தோடு வந்தவன் இடித்த ஃபவுல்) கொடுத்துவிட்டேன், பாஸ்கெட்டும் செல்லாமல் போனது. மறுநாள் யாரோ போனில் எடுத்த வீடியோவில் பார்த்தால் இருவருக்கும் நடுவே ஒரு கை அகலம் இடைவெளி. முறையாக ஆடிய பையனுக்கு அநியாயம் செய்துவிட்டோமே என்று பல நாள் உறுத்தியது. இனி அப்படி நடக்கக்கூடாது என்று பழகிக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். எல்லாமே ஃபிபா (உலக பாஸ்கெட்பால் கூட்டமைப்பு) விதிப்படி.

முதலில், பந்தைப் பார்ப்பதை விடுங்கள். நான் தவறியது இங்கேதான். பந்து வைத்திருப்பவனையே பார்த்துக்கொண்டிருந்தால் டிஃபண்டர் (தடுத்து நிற்பவன்) எப்போது சாயத் தொடங்கினான் என்பது தெரியவே தெரியாது. அவன் எதிராளியைப் பார்த்து இரண்டு காலும் ஊன்றி நின்றானா, இடி நெஞ்சில் விழுந்ததா, அதற்கு முன்பே குதிகாலில் எடை போய்விட்டதா என்று கவனியுங்கள். இருவருக்கும் இடையிலான இடைவெளி கண்ணில் படும் கோணத்தில் நிற்க வேண்டும், ஒருவன் முதுகுக்குப் பின்னால் நின்றால் வெறும் ஊகம்தான், அதற்காக ஓரடி ஈரடி நகரத் தயங்காதீர்கள்.

அடுத்து, சத்தத்துக்கு விசில் அடிக்காதீர்கள். தொடங்கியது, நடந்தது, முடிந்தது மூன்றையும் பார்த்த பிறகு அடித்தால் போதும். உள்ளே உருளும் பட்டாணி இல்லாத ஃபாக்ஸ் 40 விசிலில், விரலில் மாட்டும் வகையைத்தான் நான் சொல்வேன், கை வாய்க்குப் போகும் அந்த அரை நொடியில் கண் பார்த்ததை மனம் சரிபார்த்துவிடும். லேசாக இடித்தாலும் அது உண்மையிலேயே ஃபவுல் என்றால் ஃபவுல்தான், விழுந்த விதம் பிடிக்கவில்லை என்று விட்டுவிடக்கூடாது.

சரி, நடிப்பு என்று உறுதியாகிவிட்டதா? ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். முழங்கையை மடக்கி முன்கையை இரண்டு முறை உயர்த்திக் காட்டுங்கள். அடுத்து கடிகாரம் நிற்கும்போது ஆட்டக்காரரிடம், "தம்பி, இது வார்னிங், அடுத்தது டெக்னிக்கல்" என்று சொல்லிவிட்டு கோச்சிடமும் போய், "சார், உங்க டீமுக்கு வார்னிங் கொடுத்தாச்சு" என்று சொல்லிவிடுங்கள். கூட இருக்கும் ரெஃப்ரிக்கும் சொல்லுங்கள், இதை மறந்தால் அடுத்த முறை அவர் மறுபடியும் வார்னிங் காட்டுவார். ஒரு அணிக்கு ஒரே வார்னிங்தான். அப்புறமும் நடித்தால் டெக்னிக்கல் ஃபவுல் (இடித்ததற்கு அல்ல, நடத்தைக்கான ஃபவுல்), எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறிவது), பிறகு ஆட்டம் நின்ற இடத்திலிருந்து தொடரும். ஒரே ஆளுக்கு இரண்டு டெக்னிக்கல் விழுந்தால் அவர் வெளியே போக வேண்டியதுதான்.

பின்சேர்க்கை: கடிகாரம் நிற்பதற்குள் அதே ஆள் இரண்டாவது முறையும் நடித்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். டெக்னிக்கல்தான். கோச்சிடம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை என்பது அங்கே செல்லாது. அமெரிக்காவின் என்பிஏ லீக்கைப் பார்த்துவிட்டு வந்து குழம்பியவர்களும் இருக்கிறார்கள். அங்கே 2023-24 சீசன் முதல் வார்னிங் இல்லாமலே டெக்னிக்கல், ஒரு ஃப்ரீ த்ரோ, ஆனால் இதற்காக யாரையும் வெளியேற்ற மாட்டார்கள். நம் மேட்ச்சில் அதைக் கலக்காதீர்கள்.