ஒரே ஒரு சவாரி: மாணவர்களுக்குத் தீம் பார்க் வடிவமைப்பைக் கற்பிக்கும் முறை

தீம் பார்க் வடிவமைப்பை வகுப்பறைக்குக் கொண்டுவரும் ஆசிரியர்கள் பலர், முதல் நாளிலேயே பெரிய சார்ட் தாளைக் கொடுத்து ‘உங்கள் கனவுப் பூங்காவை வரையுங்கள்’ என்று சொல்லிவிடுகிறார்கள். மாணவர்களும் நீர்ச்சறுக்கு, பேய்வீடு, குட்டி ரயில், ஐஸ்கிரீம் கடை என்று எல்லாவற்றையும் வண்ணம் தீட்டிக் கொண்டுவருவார்கள். ஆனால் அவற்றில் ஏதேனும் ஒன்றைச் சுட்டி, இதற்கு ஏன் இந்த உயரம், இதில் ஏறுபவர் எதற்காக ஏற வேண்டும், இதன் செலவை யார் கொடுப்பார்கள் என்று கேட்டால் பதில் வராது. ஆகவே பூங்காவை விட்டுவிட்டு, ஒரு குழுவுக்கு ஒரே ஒரு சவாரியைக் கொடுங்கள். அந்த ஒன்றைப் பொறியியல், கதை, வணிகம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் இழுத்துப் பார்க்கட்டும். இவற்றை மூன்று தனிப் பாடங்களாகப் பிரித்து நடத்தினால், மாணவர்கள் மூன்றையும் படிப்பார்களே தவிர, வடிவமைப்பு என்பது என்ன என்பதை அறியமாட்டார்கள்.

இங்கே சொல்லப்படும் முறை 9 முதல் 11ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஏற்றது. வாரத்துக்கு இரண்டு பாடவேளை கிடைத்தால் ஒரு பருவத்தில் முடித்துவிடலாம். குழுவுக்கு நான்கு அல்லது ஐந்து பேர் போதும்.

முதல் வகுப்பு: ஒரு பழைய ராட்டினம்

தொடக்கத்துக்கு 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் நின்ற ராட்டினத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. பாரிஸ் 1889இல் ஈஃபில் கோபுரத்தை நிறுத்திவிட்டது. அதற்கு ஈடாக அமெரிக்கா எதைக் காட்டப்போகிறது என்ற கேள்விக்கு, ஜார்ஜ் ஃபெரிஸ் என்ற பாலப் பொறியாளர் சுமார் 80 மீட்டர் உயரச் சக்கரத்தைப் பதிலாகத் தந்தார். அதில் 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர், கட்டணம் 50 சென்ட், சவாரி நேரம் ஏறத்தாழ 20 நிமிடம். இந்த எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதி, ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு பணம் வரும் என்று கணக்கிடச் சொல்லுங்கள். 6,480 பேர், 3,240 டாலர் என்ற விடையை அவர்கள் கண்டுபிடித்த பிறகு அடுத்த செய்தியைச் சொல்லலாம். கண்காட்சி முடிந்ததும் அதே சக்கரம் சிகாகோவின் வேறொரு பகுதிக்கு மாற்றப்பட்டு, அங்கே போதிய வருமானம் இல்லாமல் தடுமாறியது; 1904இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் மறுபடி இயங்கியபின், 1906இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. சக்கரத்தின் பொறியியலில் எந்த மாற்றமும் இல்லாதபோது மாறியது எது என்று மாணவர்கள் அரைமணி நேரம் வாதாடட்டும். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

ஏறுபவர் யார்?

கதைப் பகுதியில் நடக்கும் வழக்கமான தவறு, கதையைச் சுவர் ஓவியமாக நினைத்துக்கொள்வது. ரோலர் கோஸ்டர் ஒன்றின் தூண்களில் சோழர் புலியை வரைந்துவிட்டால் அது சோழர் சவாரி ஆகிவிடாது. எனவே குழுக்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இருக்கையில் அமர்ந்தவர் இந்தக் கதைக்குள் யார் என்பதே. அவர் வேடிக்கை பார்ப்பவரா, தப்பி ஓடுபவரா, எதையாவது தேடிப் போகிறவரா? இதற்கு ஒரே வாக்கியத்தில் விடை எழுதாத குழுவை அடுத்த கட்டத்துக்கு அனுப்பக் கூடாது.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் எடுத்துக்காட்டாக ஒரு சவாரியை வைத்துக்கொள்வோம். சங்கப் பாடல்கள் புகழும் கொற்கை முத்தும், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பும் அதன் களம். அந்நாளில் முத்துக்குளிப்பவர் கனமான கல்லின் உதவியால் கடலுக்குள் விரைந்து இறங்குவார். மேலே தோணியில் இருப்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்ததும் இழுத்துவிடுவார். அந்தக் கயிற்றை மைத்துனரிடம்தான் நம்பிக் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. இதற்குப் பொருந்தும் இயந்திரம் டிராப் டவர், அதாவது இருக்கைகளை உச்சிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து விழவிடும் கோபுரம். ஏறுபவர் முத்துக்குளிப்பவர், விழுவது அவர் கடலுக்குள் இறங்குவது. கதையிலும் இயந்திரத்திலும் நடப்பது ஒரே செயல் என்பதால்தான் இந்தத் தேர்வு நிற்கிறது.

இரண்டு வினாடி

இனி எண்கள். தடையின்றி 20 மீட்டர் விழ எவ்வளவு நேரம் ஆகும்? மாணவர்களை முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். ஐந்து, ஏழு, பத்து வினாடி என்றெல்லாம் சொல்வார்கள். கணக்கிட்டால் இரண்டு வினாடிதான் வரும். அந்த இடத்தில் வேகம் மணிக்குச் சுமார் 71 கிலோமீட்டர். இருபது மீட்டர் கோபுரம் கட்டி இரண்டு வினாடிக் கதையா என்ற ஏமாற்றம் வகுப்பில் எழும். அது எழ வேண்டும். அப்போதுதான், கதையின் பெரும்பகுதி விழும் நேரத்தில் இல்லை, மேலே ஏறும் மெதுவான நேரத்திலும் அதற்கு முந்தைய வரிசையிலும் இருக்கிறது என்பது அவர்களுக்கே புலப்படும்.

விழுந்தவரை நிறுத்தவும் உயரம் வேண்டும். 20 மீட்டர் விழுந்தவரை அடுத்த 10 மீட்டரில் சீராக நிறுத்தினால், அவருடைய எடை மூன்று மடங்கானதுபோல் தோன்றும். இடத்தை மிச்சப்படுத்த நினைத்து 5 மீட்டரில் நிறுத்தினால் ஐந்து மடங்காகிவிடும். கோபுரத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது துணிச்சல் மட்டும் அல்ல, பயணியின் கழுத்தும் முதுகெலும்பும்தான் என்பதை இந்தக் கணக்கு எந்த விரிவுரையையும்விடத் தெளிவாகச் சொல்லும்.

எப்படி நிறுத்துவது என்பதைக் கையால் செய்து காட்டலாம். ஏசி பழுதுபார்க்கும் கடையில் கிடைக்கும் ஒரு மீட்டர் செம்புக் குழாயும், அதன் உட்புறத்தில் சற்றுத் தளர்வாக நுழையும் வலிமையான நியோடிமியம் காந்தம் ஒன்றும் இருந்தால் போதும். குழாயைச் செங்குத்தாகப் பிடித்து முதலில் ஒரு இரும்பு நட்டைப் போடுங்கள். அரை வினாடிக்குள் தரையில் கிடக்கும். பிறகு காந்தத்தைப் போட்டால், எங்கும் ஒட்டாமல், பல மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு அசைந்து அசைந்து இறங்கும். மேலிருந்து குழாய்க்குள் எட்டிப் பார்க்க மாணவர்கள் முண்டியடிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் வாய்ப்புக் கொடுங்கள். நகரும் காந்தம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, அந்த மின்னோட்டம் காந்தத்தையே எதிர்க்கிறது. டிராப் டவர்கள் பலவற்றில் இருப்பது இதே தத்துவத்தில் இயங்கும் பிரேக்தான். நிலைக்காந்தம் என்பதால் மின்வெட்டு வந்தாலும் அது வேலை செய்யும். ஆனால் வேகம் குறையக் குறைய எதிர்ப்பும் குறைவதால், இந்தப் பிரேக் மட்டுமே இருக்கையை முற்றிலும் நிறுத்தி வைக்காது. கடைசி இறக்கத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அது என்ன என்பதைக் குழுக்களே யோசிக்கட்டும். (இந்தக் காந்தங்களைச் சிறு குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வகுப்பு முடிந்ததும் எண்ணி வாங்கிப் பூட்டிவையுங்கள்.)

ரோலர் கோஸ்டரைத் தேர்ந்தெடுத்த குழுவுக்கும் அதே கடை உதவும். ஏசி குழாயின் மேல் போர்த்தும் கருப்பு நுரைக்குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால், கோலிக்குண்டு ஓடுவதற்கு அருமையான தடம் கிடைக்கும். தடத்தில் ஒரு முழு வட்டம் வைத்து, கோலி விழாமல் சுற்றிவர எவ்வளவு உயரத்திலிருந்து விட வேண்டும் என்று அளக்கச் சொல்லுங்கள். 11ஆம் வகுப்பின் செங்குத்து வட்ட இயக்கக் கணக்குப்படி, ஆரத்தின் இரண்டரை மடங்கு உயரம் போதும். கோலி அதற்கு ஒப்புக்கொள்ளாது. உருளுவதற்கும் உராய்வுக்கும் ஆற்றலில் ஒரு பங்கு போய்விடுவதால் கூடுதல் உயரம் கேட்கும். பாடநூல் விடைக்கும் கோலியின் விடைக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பிழை என்று ஒதுக்காமல், அறிக்கையில் ஒரு பக்கம் எழுதச் செய்யுங்கள்.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்லும். சரியான வட்டமாக அமைந்த வளையத்தில், உச்சியைத் தாண்டப் போதுமான குறைந்தபட்ச வேகத்தில் போனால்கூட, அடிப்பகுதியில் பயணியின் எடை ஆறு மடங்காகத் தோன்றும். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1895இல் திறக்கப்பட்ட ஃப்ளிப் ஃப்ளாப் ரயில்வே இப்படித்தான் வட்டமாகக் கட்டப்பட்டு, கழுத்து வலிக்குப் பெயர்போனது. 1976இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுன்டன் பூங்காவில், ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கலின் கணக்கீட்டில், அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் அமைந்த நீர்த்துளி வடிவ வளையம் வந்தது. இன்று நாம் காணும் பெரும்பாலான வளையங்கள் அந்த வழியில் வந்தவை.

வரிசையில் நிற்பவர்

நம் கோபுரத்துக்குத் திரும்புவோம். 16 இருக்கைகள் உள்ளன என்றும், ஏற்றி, கட்டி, உயர்த்தி, விழவிட்டு, இறக்கிவிட மொத்தம் மூன்று நிமிடம் ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 முறை, 320 பேர். எட்டு மணி நேரத்தில் 2,560 பேர்.

இப்போது குழுவில் கதையைக் கவனிப்பவர்கள் ஒரு கோரிக்கையோடு வருவார்கள்: முத்துக்குளித்தவர் மேலே வராவிட்டால் கதை எப்படி முடியும், கயிறு அசைந்ததும் இருக்கைகளை மீண்டும் ஒருமுறை மேலே இழுக்க வேண்டும் என்பார்கள். நியாயமான கோரிக்கை. அதற்கு 40 வினாடி கூடுதலாகும். மறுபடி கணக்கிட்டால் ஒரு நாளைக்கு ஏறக்கூடியவர்கள் சுமார் 2,090 ஆகக் குறைந்துவிடுகிறார்கள். ஏறத்தாழ 470 பேரை இழந்து கதையை முடிப்பதா, கதையை அந்தரத்தில் விட்டு அவர்களையும் ஏற்றுவதா? என் அனுபவத்தில் இந்தப் பாடத்திட்டத்தின் மிகச் சிறந்த வகுப்பு இந்தச் சண்டை நடக்கும் வகுப்புதான். ஆசிரியர் சமரசம் செய்துவைக்க அவசரப்படக் கூடாது.

சமரசத்துக்கு வழி இல்லாமல் இல்லை. சவாரி முடிந்து வெளியேறும் பாதையை மேல்நோக்கிய சாய்தளமாக அமைத்து, நீலம் படிப்படியாக வெளிறிச் சூரிய ஒளியில் முடியும்படி செய்தால், மேலே வருவதைப் பயணியே நடந்து முடித்துவிடுவார். இயந்திரத்தின் ஒரு வினாடியும் செலவாகாது. அக்காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலேயே குவியல் குவியலாக ஏலம் விடும் வழக்கம் இருந்தது. ஆகவே பாதையின் முடிவில் உள்ள கடை, திறக்காத சிப்பி விற்கும் ஏலக் களமாகலாம். இந்த யோசனை வந்ததும் மாணவர்கள் சிலவற்றில் மட்டும் முத்து வைக்கலாம் என்பார்கள். அது லாட்டரி, தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை உண்டு. எல்லாச் சிப்பியிலும் ஒரு மணியாவது இருக்கட்டும் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

காத்திருக்கும் வரிசையும் இப்படித்தான். நாற்பது நிமிடம் நிற்பவருக்கு நிழல், குடிநீர், காற்று ஆகிய மூன்றும் உறுதியான பிறகே கதை. சென்னை மே மாத வெயிலில் தகரக் கூரையின்கீழ் நிற்பவரிடம் எந்தக் கதையும் எடுபடாது.

மழைநாள் கணக்கு

வணிகப் பகுதியை இலாபம் என்ற சொல்லோடு தொடங்க வேண்டாம்; ஒரு நாள் செலவோடு தொடங்குங்கள். வகுப்புக் கணக்குக்காகச் சவாரியின் விலை 6 கோடி ரூபாய், ஆயுள் 10 ஆண்டு, ஆண்டுக்கு 300 வேலைநாள் என்று கொள்ளலாம். ஒரு நாளுக்கு 20,000 ரூபாய் ஆகிறது. ஊழியர், மின்சாரம், பராமரிப்புக்கு 10,000 சேர்த்தால் 30,000. அன்று 1,500 பேர் ஏறினால் ஆளுக்கு 20 ரூபாய்; நவம்பர் மாதத்தில் மழை கொட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை 200 பேர் மட்டும் ஏறினால் 150 ரூபாய். பத்து சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால், முதல் ஆண்டு வட்டியே 60 லட்சம் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும்.

வரியையும் விட்டுவிடக் கூடாது. தீம் பார்க் நுழைவுக் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 2018 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த விகிதத்தில் பார்வையாளர் 1,180 ரூபாய் கொடுத்தால் பூங்காவுக்கு 1,000 ரூபாய்தான் சேரும். உணவுதான் அடுத்த வருமானம், அதில் பண்பாடும் கலந்திருக்கிறது. 1992இல் பாரிஸ் அருகே திறக்கப்பட்ட யூரோ டிஸ்னி, பூங்காவுக்குள் மது விற்பதில்லை என்ற அமெரிக்க வழக்கத்தையே பின்பற்றியது. மதிய உணவோடு வைன் அருந்திப் பழகிய பிரெஞ்சு மக்களிடம் அது செல்லுபடியாகாமல், அடுத்த ஆண்டே விதியைத் தளர்த்தியது. புளிச்சோறு கட்டிக்கொண்டு வரும் நம் குடும்பங்களை வாசலில் நிறுத்திப் பையைச் சோதிப்பது சரியா என்று இங்கே கேட்டால், வணிகப் பாடம் வீட்டுக்குள் வந்துவிடும்.

எது உடைந்தால் என்ன ஆகும்

ஒவ்வொரு குழுவும் தன் சவாரியில் பழுதாகக்கூடிய பத்து இடங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே, அது நடந்தால் சவாரி தானாகப் பாதுகாப்பான நிலைக்குப் போகுமா, அல்லது ஒரு மனிதர் சரியாக முடிவெடுக்க வேண்டுமா என்று எழுத வேண்டும். இங்கே இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் நடந்த விபத்தைக் கட்டாயம் பேசுங்கள். ரோலர் கோஸ்டர் தடம் ரயில்பாதைபோல் பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பிளாக்கில் வண்டி நின்றால் பின்னால் வரும் வண்டியைக் கணினி நிறுத்திவிடும். 2015 ஜூன் மாதம் ஸ்மைலர் என்ற சவாரியில் கணினி அப்படித்தான் நிறுத்தியது. தடத்தில் காலி வண்டி நிற்பதை அறியாத ஊழியர்கள், அதைக் கணினியின் கோளாறு என்று நினைத்து நிறுத்தத்தை மீறி வண்டியை அனுப்பினார்கள். மோதலில் பலர் படுகாயமடைந்தனர், இருவர் தலா ஒரு காலை இழந்தனர். நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. மோதலுக்கு முன் எஃகு எதுவும் உடையவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

மதிப்பெண் போடும்போது குழு செய்துவரும் சவாரி மாதிரியின் அழகுக்குக் கால் பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். வீட்டில் அப்பாவோ அண்ணனோ செய்த தெர்மாகோல் கோபுரங்கள் முதலிடம் பெறுவது அப்படிக் கொடுப்பதால்தான். மீதியை, ஒரு துறைக்காக மற்றொரு துறையில் எதை விட்டுக்கொடுத்தார்கள், ஏன் என்று ஒவ்வொரு குழுவும் வைத்திருக்கும் முடிவுக் குறிப்பேட்டுக்குக் கொடுங்கள். இறுதிக் காட்சி நாளில் பெற்றோரோடு, அருகிலுள்ள பூங்கா ஒன்றின் பராமரிப்புப் பணியாளர் ஒருவரையும் அழையுங்கள். கோபுரத்தின் உச்சியில் இருக்கை சிக்கிக்கொண்டால் எந்த ஏணியில், எத்தனை பேர் ஏறி மீட்பீர்கள் என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வியை மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டாம்.